செவ்வாயின் கண்

கோலார் தங்கவயலில் டெலஸ்கோப் வைத்திருப்பவனுக்கு முதல் எதிரி மேகம் அல்ல, சயனைடு மேடு. 100 ஆண்டுகளுக்கு மேல் தங்கத்தை எடுத்துக்கொண்டு கொட்டிய கல்மாவு, ஊரைச் சுற்றிக் குன்று குன்றாக நிற்கிறது. 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. மேடு ஓய்வு பெறவில்லை. காற்றடித்தால் வேலைக்கு வந்துவிடும். சோறு, துணி, என் டெலஸ்கோப்பின் ஆறு அங்குலக் கண்ணாடி, எல்லாவற்றிலும் அந்தத் தூள்.

2018 ஜூலை இறுதியில் செவ்வாய் 5.76 கோடி கி.மீ. தொலைவுக்கு வந்தது. 2003-க்குப் பிறகு அவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை. பெங்களூரில் வேலை முடித்து, மாரிக்குப்பம் ரயிலில் வந்து இறங்கி, நேரே மொட்டை மாடிக்கு ஓடுவேன். தெரிந்ததோ மொழுக்கென்று ஒரு ஆரஞ்சு வட்டம். அந்தக் கிரகம் முழுவதையும் புழுதிப் புயல் மூடியிருந்தது. அப்பாவிடம் சொன்னேன். "அங்கயும் சயனைடு மேடு கீதா?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அடுத்த வாய்ப்பு 2020 அக்டோபர். கொரோனாவால் ரயில் நின்று, நானும் வீட்டோடு இருந்தேன். தூரம் 6.2 கோடி கி.மீ. ஆனால் செவ்வாய் ஏறக்குறைய எங்கள் உச்சந்தலைக்கு மேல் வந்தது. காற்றின் நடுக்கம் அங்கேதான் குறைவு.

கிரகத்தைப் படமெடுப்பது ஒரு கிளிக்கில் முடிகிற காரியமல்ல. மூன்று நிமிடம் வீடியோ எடுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான ஃபிரேம்களில், காற்று அசையாத கணத்தில் விழுந்தவற்றை மட்டும் கம்ப்யூட்டர் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும். பிறகு கூர்மையாக்க வேண்டும். ஆபத்து அங்கேதான். கொஞ்சம் மிஞ்சினால் இல்லாத கோடுகூட முளைக்கும். 1877-ல் இத்தாலியின் ஷியாபரெல்லி செவ்வாயில் கோடுகளைக் கண்டார். அமெரிக்காவின் லோவெல் அவற்றைக் கால்வாய்கள் என்றே சாதித்தார். 1965-ல் மாரினர் 4 பக்கத்தில் போய்ப் படமெடுத்தது. கால்வாயைக் காணோம். அவர்களும் பொய் சொன்னவர்கள் அல்லர்.

அக்டோபர் மூன்றாம் வாரம், நள்ளிரவு தாண்டியிருந்தது. வட்டத்தின் ஓரத்துக்கும் நடுவுக்கும் இடையில் கருத்த திட்டு ஒன்று, அதைச் சுற்றி வெளிறிய வளையம். சோலிஸ் லாக்கஸ். சூரியனின் ஏரி என்று பொருள். தண்ணீர் கிடையாது, கருத்த தரைதான். 'செவ்வாயின் கண்' என்றும் சொல்வார்கள். புழுதி படிவதும் விலகுவதுமாக அதன் உருவமே மாறும்.

அப்பா விழித்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் இரவெல்லாம் மாடியில் கட்டிலில் உட்கார்ந்தே இருப்பார். லேப்டாப்பைக் கொண்டுபோய்க் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"இது நெஜமா அங்க கீதா, இல்ல உன் பொட்டி போட்டதா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அவரே பேசினார். வெடி வைத்தபின் கூரைக் கல்லைக் கம்பியால் தட்டிப் பார்ப்பார்களாம். கெட்டியான கல் கணீர் என்னும். விட்டுப்போன கல் டொப் என்னும். ஒரு தட்டை நம்பி உள்ளே போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்ததில்லை. "ரெண்டாவது தட்டு தட்டு" என்றார்.

ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். அதற்குள் செவ்வாய் சுமார் 22 டிகிரி சுழன்றிருக்கும். கம்ப்யூட்டர் போட்ட தழும்பு என்றால் ஓரத்தை ஒட்டி அப்படியே கிடக்க வேண்டும். தரையில் இருப்பது என்றால் நகர்ந்திருக்க வேண்டும். மறுபடி வீடியோ எடுத்து, மறுபடி அடுக்கினேன். திட்டு நகர்ந்து நடுவுக்கு வந்திருந்தது.

இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பாராட்டுவார் என்று நின்றேன். "இன்னொண்ணு எடு" என்றார். எடுக்கப் போனால் கிழக்கிலிருந்து மேகம் ஏறிவிட்டது. அந்த வாரம் முழுக்க மழை.

2022 டிசம்பரில் செவ்வாய் மீண்டும் வந்தது. இம்முறை 8 கோடி கி.மீ.க்கு அப்பால், வட்டம் சிறுத்திருந்தது. மாடியில் கட்டில் காலியாக இருந்தது. ஒன்றரை மணிக்கு ஒன்றாக மூன்று படம் எடுத்தேன்.