ஒவ்வோர் இரவும் வேறொரு லோரி

மாலை 5 மணிக்குப் புலாவ் இண்டா பாலத்தில் ஏறினால் கிள்ளான் துறைமுகம் எவ்வளவு பெரியது என்பது புரியும். இடது தடம் முழுக்க லோரிகள். கடல் பக்கம் வெஸ்ட்போர்ட்ஸின் பாரந்தூக்கிகள் வரிசையாக நிற்கும். 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று திறக்கப்பட்ட துறைமுகம், 1972இல் போர்ட் கிள்ளான் ஆனது. புலாவ் இண்டாவுக்கும் முன்பு புலாவ் லூமுட் என்றுதான் பெயர். நம் வீட்டுக்கு வரும் எத்தனையோ பொருள்கள் இங்கே இறங்கி, கொள்கலனோடு லோரியில் ஏறி, இரவோடு இரவாக வடக்கே போகின்றன.

அந்த இரவுப் பயணத்தை ஓராண்டுக்கு மேல் ஓட்டியவன் நான். என் லோரி என்று சொல்லிக்கொள்ள அப்போது ஒன்றும் இல்லை. லோரி ஒரு கம்பெனிக்குச் சொந்தம், சரக்கு இன்னொரு கம்பெனிக்குச் சொந்தம். ஓட்டுநரை அனுப்பியது மூன்றாவது கம்பெனி. ஆள் பற்றாக்குறை உள்ள லோரி கம்பெனிகளுக்கு 'இ' உரிமமும் ஜி.டி.எல்.லும் உள்ளவர்களைத் தேடி அனுப்புவதுதான் அந்த மூன்றாவது கம்பெனியின் வேலை. எங்கள் வட்டாரத்தில் அதற்கு 'ஏஜென்ட்' என்று ஒரே பெயர்.

மதியம் வாட்ஸ்அப் வரும். "அண்ணே, இன்னைக்கு 6 மணி, வெஸ்ட்போர்ட், பிராய் டிரிப். போறீங்களா?" போகிறேன் என்று பதில் போட்டால் யார்டு முகவரியும் லோரி எண்ணும் வரும். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

இதில் நல்லது இல்லாமல் இல்லை. டிரிப் காசு வாரக் கடைசியில் கைக்கு வந்துவிடும். பிள்ளையின் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியா, கோயில் திருவிழாவா, அன்றைக்கு வரவில்லை என்று சொல்லிவிடலாம். வால்வோ, ஸ்கேனியா, ஹீனோ என்று எல்லா வகை லோரியும் கைப்பழக்கம் ஆகிவிடும். இளைஞர்கள் ஏன் இதைத் தேடிப் போகிறார்கள் என்பது எனக்கு நன்றாகவே புரிகிறது.

வடக்கே போகும் சாலை

யார்டில் சாவி வாங்கியதும் முதல் அரை மணி நேரம் லோரியோடு பழக வேண்டும். டயரைத் தட்டிப் பார்ப்பேன். கொள்கலனை டிரெய்லரோடு பிடித்து வைக்கும் பூட்டுகள் நான்கும் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று பார்ப்பேன். பிரேக்கை மிதித்துக் காற்றழுத்த முள்ளைக் கவனிப்பேன்.

பிறகு புக்கிட் ராஜா டோலைத் தாண்டி என்.கே.வி.இ. ரப்பரும் செம்பனையுமாக இருந்த எத்தனையோ தோட்டங்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இன்று வீடமைப்புப் பகுதிகளாக, தொழிற்பேட்டைகளாக நிற்கின்றன. என் அப்பா தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். தோட்டம் கைமாறியபோது வெளியேறிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. ஸ்டீயரிங் பிடிக்கத் தெரிந்தவர்கள் பட்டணத்துக்கு வந்து லோரி ஏறினார்கள்.

சுங்கை பூலோ, ரவாங் தாண்டினால் நெரிசல் குறையும். தஞ்சோங் மாலிம் முதல் வலப்பக்கம் தித்திவங்சா மலைத்தொடர் இருட்டாகக் கூடவே வரும். கனரக வாகனத்துக்கு நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர்தான் உச்ச வேகம். கார்கள் எல்லாம் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும்.

தாப்பா ஓய்வுத் தளத்தில் முதல் நிறுத்தம். நள்ளிரவில் லோரி நிறுத்த இடம் கிடைப்பது அதிர்ஷ்டம்தான். இடம் கிடைக்காதவர்கள் சாலையோர அவசரத் தடத்தில் ஒதுங்குவார்கள். ஆபத்து என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் தூக்கம் கண்ணைக் கட்டும்.

அங்கேதான் ஒருமுறை சுங்கை சிப்புட்காரர் ஒருவர் கோப்பி ஓவோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முப்பது வருடம் லோரி ஓட்டியவர்.

"தம்பி, எந்தக் கம்பெனி?"

"லோரி ஒரு கம்பெனி, நான் ஏஜென்ட் ஆளுண்ணே."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அப்போ வழியில ஏதாச்சும் ஆச்சுன்னா, உன் வீட்டுக்காரம்மா யார் கதவைத் தட்டணும்?"

கோப்பேங், சிம்பாங் பூலாய் சுண்ணாம்புக் குன்றுகளைக் கடந்து ஈப்போ வரும்வரை அந்தக் கேள்வி கூடவே வந்தது. ஈப்போவுக்கு அப்பால்தான் இந்தச் சாலையின் கடினமான பகுதி. மெனோரா சுரங்கப்பாதை சுமார் 800 மீட்டர்தான். ஆனால் அதற்கு ஏறுவதும், அதிலிருந்து கோலகங்சார் பக்கம் இறங்குவதும் பாரம் ஏற்றிய லோரிக்குப் பரீட்சை. இறக்கத்தில் கியரைக் குறைத்து, எஞ்சினையே பிரேக்காக வைத்து இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். நான்கு மணி நேரத்துக்கு முன்புதான் முதன்முதலாகப் பார்த்த லோரியில், பின்னால் டன் கணக்கில் பாரத்தோடு அந்த இறக்கத்தில் இறங்குவதுதான் ஏஜென்ட் ஓட்டுநரின் வேலை.

சுங்கை பேராக், புக்கிட் காந்தாங், தைப்பிங் என்று போய் விடியும் முன் பிராய் தொழிற்பேட்டை. 350 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். கொள்கலன் இறங்கும்வரை கேபினில் தூக்கம்.

சாவியைத் திருப்பிக் கொடுத்த இரவு

ஒரு மாலை, யார்டில் பிரேக்கை மிதித்துப் பிடித்திருந்தபோது காற்றழுத்த முள் இறங்கிக்கொண்டே இருந்தது. டிரெய்லர் பக்கம் போனால் காற்று கசியும் சத்தம். யார்டு சூப்பர்வைசரிடம் காட்டினேன்.

"நேத்து ஓடுச்சுல்ல, இன்னைக்கு ஓடாதா?"

ஏஜென்டைக் கூப்பிட்டேன். "அண்ணே, கிளையண்ட் கோவிச்சுக்குவாங்க. மெதுவா பார்த்துப் போங்களேன்."

மெனோரா இறக்கம் கண்முன் வந்தது. சாவியை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்றிரவு அந்த லோரியை வேறொருவர் எடுத்துப் போனார். பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார். அதனாலேயே என் பேச்சு எடுபடாமல் போனது. ஒன்பது நாள் எனக்கு வாட்ஸ்அப் வரவில்லை. யாரும் என்னைத் திட்டவில்லை, வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான். நிரந்தர ஓட்டுநருக்குச் சம்பளத் தேதி இருக்கிறது. அழைப்பை நம்பிப் பிழைப்பவர் ஒருமுறை 'முடியாது' என்றால், அதற்கு விலை வீட்டு மளிகைச் செலவு.

2025 மே 13ஆம் தேதி தெலுக் இந்தான் அருகே கல் ஏற்றிய லோரி மோதி கலகத் தடுப்புப் போலீசார் 9 பேர் இறந்தது நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். அதன் பிறகு கனரக வாகனங்கள் மீது கண்காணிப்பு இறுகியது. அந்த ஆண்டு அக்டோபர் முதல் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டங்கட்டமாகக் கட்டாயமானது. கருவி வேகத்தைக் கட்டுப்படுத்தும். 'இந்த லோரி சரியில்லை' என்று சொல்ல ஓட்டுநர்தான் வாய் திறக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

அந்த ஒன்பது நாளில் ஒருநாள் தொழிலாளர் இலாகாவுக்குப் போய் விசாரித்தேன். எனக்குக் கிடைத்த விவரங்கள் மற்றவர்களுக்கும் உதவும்.

முதலாவது, தொழிலாளர்களை வேறு நிறுவனத்துக்கு அனுப்பும் ஏஜென்ட், வேலைச் சட்டத்தின்படி தொழிலாளர் இலாகாவில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு உண்டா என்று கேட்பது நம் உரிமை.

இரண்டாவது, 2023 ஜனவரி 1 முதல், எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், வேலை செய்யும் முறையையும் நேரத்தையும் ஒருவர் தீர்மானித்து, கருவியையும் அவரே கொடுத்தால், வேறு விதமாக நிரூபிக்கப்படும்வரை நாம் ஊழியர் என்றே சட்டம் கருதுகிறது. 'நீங்க ஃப்ரீலான்ஸ்' என்று வாயால் சொல்வதோடு விஷயம் முடிந்துவிடாது.

மூன்றாவது, 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள வேலையிடப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம். உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்று நியாயமான காரணத்தோடு நம்பி, தெரிவித்தும் முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ள ஊழியருக்கு உரிமை உண்டு. அதற்காகத் தண்டிக்கக் கூடாது.

நான்காவது, சேமநிதியும் சொக்சோவும். மாதச் சம்பளம் 5,000 வெள்ளி வரை என்றால் முதலாளி 13 விழுக்காடு, ஊழியர் 11 விழுக்காடு சேமநிதிக்குக் கட்ட வேண்டும். கைப்பேசியில் ஐ-அக்காவுன் திறந்தால் யார் கட்டினார்கள், எந்த மாதம் கட்டவில்லை என்பதெல்லாம் தெரியும். சுங்கை சிப்புட் அண்ணன் கேட்ட கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. என் கணக்கில் அந்த மாதங்கள் காலியாக இருந்தன.

இப்போது ஒரு கொள்கலன் கம்பெனியில் நிரந்தரமாக ஓட்டுகிறேன். கைக்கு வரும் காசு முன்பைவிடக் கொஞ்சம் குறைவுதான். அதே சாலை, அதே தாப்பா கோப்பி. ஆனால் தினமும் ஒரே லோரி. அதன் பிரேக் எப்போது முனகும், எந்த டயர் தேய்கிறது என்பது எனக்குத் தெரியும். முனகினால் புகார்த் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன். அன்றைக்கு லோரி பட்டறைக்குப் போகிறது, என் சம்பளம் நிற்பதில்லை.

தீபாவளிக்கு வடக்கே போகும்போது, மெனோரா இறக்கத்தில் இடது தடத்தில் ஒரு லோரி ஊர்ந்து போவதைப் பார்த்தால் ஹாரன் அடிக்காதீர்கள். அவர் அந்த லோரியை அன்று மாலைதான் முதன்முதலில் பார்த்திருக்கலாம். உங்கள் வீட்டில் யாராவது ஏஜென்ட் மூலம் ஓட்டினால், இன்றிரவு அவர் புறப்படும் முன் ஐ-அக்காவுனைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.