நாகமலையோரத்து இளவேனில்

உறைபனி விலகியதும் புல்வெளியெல்லாம் பச்சை பிடித்து, தெற்கே போயிருந்த பறவைகள் வீடு திரும்புகிற அந்நிய நாட்டு வசந்தத்தைப் பற்றி நாம் பள்ளிக்கூட நாள் தொட்டுப் படித்துப் படித்து மனத்தில் ஒரு சித்திரம் தீட்டி வைத்திருக்கிறோம், ஆகையால், பாண்டி நாட்டில் பங்குனி பிறந்து, கண்மாயின் சேறு காய்ந்து வெடித்து, வரப்புப் புல் வைக்கோல் நிறமாகி, வெயில் முதுகில் ஏறத் தொடங்கும் வேளையில், "இங்கே ஏது ஐயா வசந்தம்?" என்று கேட்கிற சிநேகிதர்களை நான் குறை சொல்வதில்லை. அவர்கள் தரையைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். நம் பக்கத்தில் தரை பச்சையாவது ஐப்பசி, கார்த்திகை மழையில். பங்குனியும் சித்திரையும் வந்தால் பச்சையும் பூவும் வாசனையும் தரையைக் காலி செய்துவிட்டு மரத்தின் உச்சிக்குக் குடியேறிவிடுகின்றன. சித்திரையும் வைகாசியுமே இளவேனில் என்று இலக்கணகாரர்கள் வகுத்து வைத்தார்கள் என்றாலும், புங்க மரம் அந்தக் கணக்கைப் படித்ததில்லை. மாசிக் கடைசியிலேயே பழைய இலையை உதிர்த்துவிட்டுப் பங்குனியில் புதுத் தளிரோடு நின்றுவிடும்.

இன்னொரு வேற்றுமையும் உண்டு. குளிர் தேசத்து வசந்தம் விருந்தாளிகள் வந்து சேரும் பருவம். நம்முடையதோ அவர்கள் விடைபெற்றுக்கொள்ளும் பருவம். மழைக்காலத்தை ஒட்டி எங்கள் புழக்கடைக்கு வந்து, வாழைச் சருகைக் கிளறிப் புழு பொறுக்கிக்கொண்டு, விடியலிலும் அந்தியிலும் இரண்டொரு முறை சீழ்க்கை அடித்துவிட்டுப் புதருக்குள் மறைந்துவிடுகிற ஆறுமணிக் குருவி, முதுகில் பச்சையும் அடிவயிற்றில் சிவப்பும் கண்ணை ஊடறுத்த கரிய பட்டையும் கொண்ட அந்தக் குட்டை வால் பட்சி, சித்திரை வளர்வதற்குள் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடும். மத்திய இந்தியக் காடுகளிலும் இமயத்தின் அடிவாரத்திலும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கவேண்டிய குடும்பப் பொறுப்பு அதற்கு இருக்கிறது. சீழ்க்கை கேளாத முதல் அந்தியில்தான் எங்கள் வீட்டுக்கு வசந்தம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

வீடு இருப்பது மதுரைக்கு மேற்கே, தேனி செல்லும் சாலையில், நாகமலைப் புதுக்கோட்டையில். ஜன்னலைத் திறந்தால் நாகமலை நீளமாகப் படுத்திருப்பது தெரியும். சமணர் ஏவிவிட்ட பாம்பு பாண்டியனின் அம்பு பட்டு மலையாய்ச் சமைந்தது என்று திருவிளையாடற் புராணம் சொல்லும்; யானைமலைக்கும் பசுமலைக்கும் இதே ரீதியில் கதைகள் உண்டு. அந்தப் பாம்பு மலைக்கு அருகிலேயே, கீழக்குயில்குடியில், பாண்டிய நாட்டார் காலங்காலமாகச் சமண முனிவர்களைப் போற்றித் திருமேனிகள் செதுக்குவித்த சமணர் மலை நிற்கிறது. புராணத்துக்கும் பாறைக்கும் உள்ள இந்த அபிப்பிராய பேதத்தைத் தீர்த்துவைக்க எனக்கு உத்தேசமில்லை. இரண்டையும் பார்த்துக்கொண்டே காலை நடை போகமுடிகிறது என்பதில் எனக்குப் பரம திருப்தி.

புழக்கடை விஸ்தாரமானதல்ல. ஒரு கிணறு, ஒரு வேம்பு, முருங்கை, எலுமிச்சை, கிணற்றடி ஈரத்தில் பிழைத்துக் கிடக்கும் நாலைந்து வாழை, அவ்வளவுதான். ஆனால் பங்குனிப் பிற்பகுதியில் வேம்பு பூத்துவிட்டால், அந்த வாசனைக்கு எங்கள் வீடு மாத்திரமல்ல, தெருவே பாத்தியப்பட்டதாகிவிடும். இரவில் மரத்தடியில் பழைய வேட்டியை விரித்து வைத்து, விடிந்ததும் உதிர்ந்த பூவை வாரிச் சருகும் காம்பும் நீக்கி முறத்தில் உலர்த்துவது என் மனைவியின் வருஷாந்தரக் காரியம். வருஷப் பிறப்பன்று பச்சடிக்கு ஒரு பங்கு, நெய்யில் வறுத்து ரசத்துக்கு ஒரு பங்கு, சென்னையில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு வேப்பம்பூவுக்கு ஏங்கும் உறவினர்களுக்கு ஒரு பங்கு என்று பாகம் பிரிந்துவிடும்.

எலுமிச்சையில் இந்த ஆண்டு ஒரு தேன்சிட்டு தம்பதி குடிவந்தது. கைக்கெட்டும் உயரத்தில், முள்ளுக் கிளையின் நுனியில், ஏதோ ஒட்டடை காற்றில் ஆடுகிறது என்று முதலில் நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால், சிலந்தி நூலால் பட்டையின் துணுக்கும் காய்ந்த இலையும் கம்பளிப்பூச்சியின் எச்சமும் சேர்த்துப் பின்னிய ஒரு தொங்கு கூடு. குப்பையைப் போலத் தோன்றவேண்டும் என்பதற்காகவே அவ்வளவு சிரமப்பட்டு அலங்கரித்த கூடு. பக்கவாட்டில் ஒரு துவாரம், துவாரத்தின் மேல் மழைக்கும் வெயிலுக்குமாக நீட்டிவிட்ட ஒரு சிறு தாழ்வாரம், அதற்குள்ளிருந்து வெளியே நீண்டிருந்த வளைந்த அலகு. அடைகாப்பது பெட்டை மாத்திரமே. ஊதாவும் மஞ்சளுமாய் மின்னுகிற சேவல், முருங்கைப் பூவில் தேன் குடித்துவிட்டு வந்து, பக்கத்துக் கொடிக் கம்பியில் உட்கார்ந்து உரத்துப் பேசிக்கொண்டிருக்கும். குஞ்சு வெளிவந்த பின்னர்தான் ஐயாவுக்கும் இரை சுமக்கும் உத்தியோகம் கிடைக்கும். பூனைக்கு மணி கட்டுவது யார் என்ற கேள்விக்கு எலிகள் இன்றளவும் விடை காணவில்லை என்பார்கள். எங்கள் வீட்டில் அந்தத் தேன்சிட்டின் பொருட்டு என் மனைவி ஒரு சிவப்பு நாடாவில் மணியைக் கோத்துச் சாவதானமாகக் கட்டிவிட்டாள். அந்த அவமானத்தில் பூனை பாலைத் தொடாமல் ஒரு வேளை உபவாசம் கிடந்தது. மறு வேளை கிடக்கவில்லை.

குயிலைப் பற்றிச் சொல்லாமல் இளவேனிலை முடிக்கமுடியாது என்பதால் சொல்லுகிறேன். மற்றபடி விடியற்காலை நான்கு மணிக்கு ஜன்னலோரத்தில் ஸ்வரம் ஏற்றி ஏற்றிக் கத்துகிற ஜந்துவைப் பற்றி, கவிகள் கொண்ட அபிப்பிராயம் எனக்குக் கிடையாது. ஆனால் அதன் தந்திரம் ரசிக்கத் தக்கது. அடுத்த வீட்டுப் புளிய மரத்தில் காக்கை கூடு கட்டியிருக்கிறது. கரிய ஆண் குயில் கூட்டருகே வந்து துணிச்சலாகக் கூவும். காக்கைகள் இரண்டும் ஆத்திரத்தோடு அதைத் துரத்திக்கொண்டு நாலு வீடு தாண்டிப் போகும். புள்ளி போட்ட பழுப்பு நிறப் பெண் குயில், அதுவரை இலை மறைவில் இருந்துவிட்டு, அந்தச் சில நிமிஷங்களுக்குள் தன் காரியத்தை முடித்துக்கொண்டு போய்விடும். காக்கையின் முட்டைகளுக்கு முன்பே குயில் முட்டை பொரிந்துவிடுமாகையால், வந்த குஞ்சு வாயைப் பிளந்து முதல் பந்தியில் உட்கார்ந்துவிடுகிறது. இவ்வளவு வஞ்சனையையும் பொறுத்துக்கொண்டு இரை ஊட்டுகிற காக்கையைப் பற்றி யாரும் பாடுவதில்லை.

இனி டைகர். இவன் சிப்பிப்பாறை வம்சம் என்று சத்தியம் பண்ணித்தான் சிநேகிதர் ஒருவர் குட்டியாகக் கொடுத்தார். சிப்பிப்பாறை நாய் என்பது முயலைத் துரத்திப் பிடிப்பதற்கென்றே வளர்ந்த ஜாதி. நீண்ட கால், ஒடுங்கிய வயிறு, கூரிய முகம், அம்பாய்ப் பாயும் வேகம். டைகருக்கு அந்த லட்சணங்களில் நீண்ட வால் மாத்திரம் வாய்த்தது. 2005ஆம் ஆண்டு தபால் இலாகா நாட்டு நாய்களைச் சிறப்பித்து வெளியிட்ட தபால்தலைகளில் இராஜபாளையம் நாய்க்கும் இடம் கிடைத்ததை நான் பெருமையோடு சொல்ல, "இவனுக்குத் தபால்தலை வேண்டாம், முதலில் தபால்காரரைக் கண்டால் கட்டிலுக்கடியில் போகாமல் இருக்கச் சொல்லுங்கள்" என்றாள் என் மனைவி. ஆயினும் அண்மைப் பிரயாணத்துக்கு அவனைவிட உகந்த துணை இல்லை. அவன் மூக்கு தரையோடு போகும்; என் கண் கிளைகளோடு போகும்; அவன் நிற்கிற இடத்தில் நானும் நின்றாகவேண்டும் என்பதால், தனியே நடந்தால் தாண்டிப் போயிருக்கக்கூடிய எத்தனையோ மரங்களை நின்று நிதானித்துப் பார்க்கிற பாக்கியம் எனக்குக் கிடைத்திருக்கிறது.

கண்மாய்க் கரையில் வரிசையாகப் புங்க மரங்கள். தளிர் வந்து ஓய்ந்ததும் பூ வரும். சித்திரைக் காலையில் அந்த நிழலெல்லாம் பொரி இறைத்தாற்போல் வெண்மையும் இளநீலமுமாய் நிறைந்திருக்கும், அதன்மேல் தேனீக்கள் மொய்க்கும். கரையின் சரிவில் மஞ்சணத்தி. காயைப் பார்த்தால் அழகில்லாத மரம். பூவோ ஒவ்வொன்றாய் வெள்ளை நட்சத்திரமாக விரிந்து, மல்லிகைக்குத் தங்கை என்று சொல்லத்தக்க மணம் வீசும். சற்றுத் தள்ளி உசிலையும் வாகையும். உசிலம்பட்டி என்ற ஊரின் பெயரிலேயே இடம் பிடித்திருக்கிற உசிலை மரத்தின் இலையைத்தான் எங்கள் பாட்டிமார் காயவைத்து இடித்துத் தலை முழுகினார்கள். சோப்புக் கட்டி வந்த பிறகு அந்த அரைப்புக்கு மதிப்புக் குறைந்தது, மரம் என்னவோ குறைவில்லாமல் பூத்துக்கொண்டிருக்கிறது.

அங்கேதான் ஆட்டுக்காரப் பெரியவரைச் சந்திப்போம். மழைக்காலத்தில் குனிந்த தலை நிமிராமல் ஆடு மேய்ப்பவர், இந்தப் பருவத்தில் நீண்ட தொரட்டியைத் தோளில் சாத்திக்கொண்டு அண்ணாந்தே நடப்பார். கருவேல மரத்தடியில் நின்று தொரட்டியால் கிளையை ஓர் உலுக்கு உலுக்கினால், முத்து முத்தாய்க் கோத்த காய்கள் சலசலவென்று உதிரும். மந்தை முழுவதும் ஓடிவந்து நறுக்கு நறுக்கென்று கடிக்கிற ஓசை கரை நெடுகக் கேட்கும். "தரையில என்ன சாமி கெடக்கு? வெயில் வந்துட்டா எல்லாம் மேலதான்" என்பார். ஒரு நாள் பெரிய கிடாய் ஒன்று தலையைத் தாழ்த்தி இரண்டடி எடுத்து வைத்ததுதான் தாமதம், டைகர் என் வேட்டிக்குப் பின்னால் வந்து ஒண்டிக்கொண்டான். "பேரு புலியாம்ல! ஒரு கிடாய்க்கே இந்தப் பம்மு பம்முறான்" என்று பெரியவர் சிரித்த சிரிப்பில், மடையோரத்து நீர்க்கோழி எழுந்து ஓடியது.

கீழக்குயில்குடி அய்யனார் கோயிலை அடையும்போது வெயில் இதமாகவே இருக்கும். எதிரே தாமரைக் குளம், சுற்றிலும் விழுது விட்ட ஆலமரங்கள். மலை தொல்லியல் துறையாரின் பாதுகாப்பில் இருப்பதாலும், திருமேனிகளின் முன்னே டைகரின் ஒழுக்கத்துக்கு நான் ஜவாபுதாரியாக முடியாது என்பதாலும், ஆலமரத்தடியில் பூ விற்கிற அம்மாளிடம் அவனை ஒப்படைத்துவிட்டுப் படியேறுவேன். பாறையில் வெட்டிய படிகள் பேச்சிப்பள்ளத்துக்கு இட்டுச் செல்கின்றன. சிறு சுனைக்கு மேலே பாறையின் முகத்தில் வரிசையாய் எட்டுப் புடைப்புச் சிற்பங்கள். தலைமேல் நாகம் படம் விரித்த பார்சுவநாதரும், அசைவற்று நிற்கும் பாகுபலியும், அமர்ந்த கோலத்து மகாவீரரும். 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த இவற்றின் கீழே, வட்டெழுத்தில், செய்வித்தவர்களின் பெயர்கள் பொறித்திருக்கின்றன. பாண்டிய நாட்டுக் குன்றுகளில் பல இடங்களில் பெயர் காணப்படுகிற அச்சணந்தி முனிவரின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனியும் அவற்றுள் ஒன்று. துறந்து போன மகனின் சமயத்துக்கு ஒரு தாய் கல்லில் செய்த காணிக்கை என்று நினைக்கும்போது, அரசர்களின் மெய்க்கீர்த்திகளைவிட அந்த ஒற்றை வரி எனக்கு மேலாகப் படுகிறது.

அந்த மேட்டில் நின்று கீழே நோக்கினால், அதுவரை அண்ணாந்து பார்த்த வசந்தம் முழுவதும் காலடியில் விரிந்து கிடக்கும். அரச மரத்தின் தளிர் செப்பு நிறம். புங்கந்தளிர் எண்ணெய் தடவிய இளம் பச்சை. வேம்பு பூப்பாரித்து மங்கலான மஞ்சள். நடுநடுவே வெறும் மண்ணும் காய்ந்த வயலும். வசந்தம் இல்லை என்று சொல்லுகிறவர்களை இந்த இடத்துக்கு அழைத்துவந்து கால் மணி நேரம் உட்கார்த்தி வைத்தால் போதும். நான் வாதாடவேண்டிய அவசியமே இராது.

சற்றுத் தொலைவான பிரயாணம் என்றால் அரிட்டாபட்டி. பஸ்ஸில் மேலூர் மார்க்கமாகப் போகவேண்டும். டைகருக்கு அதில் இடமில்லை. பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயிலும் பழைய தமிழிக் கல்வெட்டும் கொண்ட அந்தக் குன்றுகளை 2022ஆம் ஆண்டு தமிழக அரசு மாநிலத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு, போனெல்லிக் கழுகு ஆகிய வேட்டைப் பறவைகளுக்கு அந்தச் செங்குத்துப் பாறைகள் இருப்பிடம். பின்னர் அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டுச் சுற்றுவட்டக் கிராமங்கள் திரண்டு எழுந்ததும், 2025 ஜனவரியில் அந்தச் சுரங்கத்துக்கான ஏலம் ரத்தானதும் பத்திரிகை படிக்கிற எல்லோரும் அறிந்ததே. நாங்கள் போயிருந்தபோது, பாறை இடுக்கிலிருந்து புறாக் கூட்டம் ஒன்று சிதறிப் பறக்க, அதன் மேலே ஒரு வல்லூறு சிறகை மடக்கிக்கொண்டு கல்லாய் இறங்கியது, குறி தப்பிற்று. எங்களுக்கு வழிகாட்டிய பள்ளிக்கூடச் சிறுவன் அதை ஒரு பொருட்டாக மதிக்காமல், "அது தினமும் நடக்கும் சார், வாங்க சுனையைப் பார்க்கலாம்" என்று முன்னே நடந்தான்.

சித்ரா பௌர்ணமி விடியலில் அழகர் வைகையில் இறங்கிவிட்டால், ஊரில் பருவம் மாறிவிட்டதென்று பொருள். அடுத்து அக்கினி நட்சத்திரம். காலை நடை இருட்டிலேயே தொடங்கி, பால்காரர் வருவதற்குள் முடிந்துவிடும். பகலெல்லாம் டைகர் கிணற்றடி ஈர மண்ணைத் தோண்டிப் பள்ளத்தில் படுத்துவிடுவான். தவிட்டுக் குருவிகள் கும்பலாக வந்து தொட்டித் தண்ணீரில் குளித்துச் சண்டையிட்டு எழுந்து போகும். இந்தச் சமயம் பார்த்து என் மைத்துனர் கொடைக்கானலில் ஜாகை ஏற்பாடு செய்துவிட்டு எங்களை அழைத்திருந்தார். என்னைக் கேளாமலே என் மனைவி பதில் எழுதிவிட்டாள்: "வீட்டில் குஞ்சு பொரித்து இரண்டு நாள்தான் ஆகிறது, இப்போது நகர முடியாது." அன்று மாலையே மைத்துனர் தொலைபேசியில் கூப்பிட்டு, "கோழி எப்போது வாங்கினீர்கள் அத்தான்?" என்றார்.