சந்தனம் ஒட்டிய பீடிங்

திருப்பதி மலையில் மொட்டையடித்துக்கொண்டு இறங்குகிறவர்கள் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, கதவோரம் தலைசாய்த்துத் தூங்கிப்போவார்கள். தலையில் காய்ந்த சந்தனம் உதிர்ந்து, கண்ணாடி இறங்கும் இடுக்கில் போய் அடையும். சித்தூர் வந்ததும் பழைய பல் பிரஷ்ஷால் அதைத் தட்டியெடுப்பது என் வேலை. எங்கள் நைனா அம்பாசடர் டாக்ஸி ஓட்டிய, 1980களின் கடைசி வருஷங்கள் அவை.

அன்றைக்குத் திருப்பதியும் சித்தூர் மாவட்டம்தான். தனி மாவட்டமானது 2022இல். 1974இல் திறந்த பாதையில் மலை ஏறுவோம், 1944இன் பழைய பாதையில் இறங்குவோம். இறங்கும்போது வளைவுக்கு வளைவு கண்ணாடி தடதடக்கும். "பீடிங் போயிடுச்சுடா" என்பார் நைனா. கண்ணாடியை இருபுறமும் ஒட்டி நிற்கும் பட்டைதான் பீடிங். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் இன்னும் மோசம். தண்ணீர் கதவுக்குள் இறங்கி, ரெக்ஸின் போர்த்திய ஹார்ட்போர்டு பேட் டீயில் நனைத்த பிஸ்கட்டாக ஊதிவிடும்.

உடனே பாய் கடைக்குப் போவோம். சீட் தைக்கிற கடை. கதவு வேலையும் அவரே பார்ப்பார். மெட்ராஸ் புதுப்பேட்டையிலிருந்து பீடிங் வாங்கி வைத்திருப்பார். வெளிப்பக்க ரப்பர் கதவின் தகரத்தில் ஏறும். உள்பக்கத்து வெல்வெட் பட்டை கதவு பேடின் மேல்விளிம்பில் ஏறும். வைண்டர் பிடியைக் கழற்றி, பேடைப் பெயர்த்து, பாயில் குப்புறப் போடுவார். முதலில் கதவின் அடித்துளைகளைக் கம்பியால் குத்திவிடுவார். எவ்வளவு நல்ல பீடிங் போட்டாலும் கொஞ்சம் தண்ணீர் உள்ளே போகத்தான் செய்யும், அது வடிய வழி வேண்டும் என்பார். துளை அடைந்த கதவு அடியிலிருந்து துருப்பிடித்து வரும் என்பதை நான் அங்கேதான் கற்றேன்.

பட்டையை ஓரத்திலிருந்து தொடங்கமாட்டார். நடுவில் ஒரு பின் அடித்து, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று விளிம்புக்குப் போவார். நான் ஒருமுறை உதவுகிறேன் என்று பட்டையின் நுனியை இழுத்துப் பிடித்தேன். "இழுக்காதே தம்பி. இழுத்து வெச்சா, அது தன் அளவுக்குத் திரும்பிப் போயிடும்" என்றார். நுனியில் கொஞ்சம் கூடுதலாகவே விட்டு வெட்டினார். பேடை மாட்டிக் கண்ணாடியை ஏற்றியபின், வெல்வெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு போஸ்ட்கார்டைச் செருகி இழுத்துப் பார்ப்பார். வழுக்கி வந்தால் பட்டை தள்ளி நிற்கிறது; வரவே மறுத்தால் வைண்டர் பல் தேயும். லேசாகப் பிடித்து வரவேண்டும். கடைசியில் ரப்பர் மேல் கோகுல் சாண்டல் பவுடரைத் தூவுவார். திரும்பி வரும்போது வண்டிக்குள் எங்கள் அம்மாவின் வாசனை அடிக்கும்.

உத்தரபாரா ஆலையில் 2014 மே மாதம் அம்பாசடர் தயாரிப்பை நிறுத்தினார்கள். அதற்கு வெகு முன்பே எங்கள் வண்டி கைமாறிவிட்டது. பாயும் போய்ச் சேர்ந்தார், நைனாவும் இல்லை. சில வருஷங்களுக்கு முன் ஒரு நண்பரின் பழைய அம்பாசடருக்கு ஒரு கடையில் புதுப் பட்டை போட்டார்கள். ஓரத்தில் தொடங்கி, விறைப்பாக இழுத்து, நுனியைச் சரியாக வெட்டினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடுத்த மழைக்குள் மூலையில் ஒரு விரல் இடைவெளி. பழைய பட்டையை வைத்து அளவு பார்க்கலாம் என்றால், அதைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். புதுப் பட்டை கதவில் ஏறி, ஒரு மழை பார்க்கும்வரை பாய் பழையதை ஆணியில் மாட்டியே வைத்திருப்பார்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களே, அந்தப் பட்டை எவ்வளவு கிழிந்திருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். உங்கள் கதவின் அளவு அதில்தான் இருக்கிறது.