வாசலில் ஒரு பஞ்சாங்கம்

பள்ளிப் பாடப் புத்தகங்களில் இலையுதிர் காலம் என்று ஒன்று வருகிறது. குளிர் நாடுகளில் செப்டம்பர் கழிந்ததும் இலைகள் பழுத்து உதிரும். மரங்கள் மாதக்கணக்கில் மொட்டையாக நின்று, பிறகு வசந்தத்தில் துளிர்க்கும். அதைப் படித்துவிட்டு, நம் ஊரில் அப்படியொரு காலமே கிடையாது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்டு. மாசி, பங்குனியில் வருகிறது. உதிர்வதும் துளிர்ப்பதும் இங்கே ஏறக்குறைய ஒரே மூச்சில் நடந்துவிடுவதால், அது வந்து போன சுவடே தெரிவதில்லை.

மேற்கு மாம்பலத்தில் நான் குடியிருக்கும் தெருவில் ஒரு வேம்பு, ஒரு புங்கம், தெருக்கோடிப் பிள்ளையாருக்கு நிழலாக ஓர் அரசு. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்தபோது எதிர்ச்சாரியில் இருந்த மே ஃபிளவர் மரம் வேரோடு சாய்ந்தது. புங்கம் இரண்டு கிளைகளைக் கொடுத்துவிட்டுத் தப்பித்துக்கொண்டது. எழுத்து ஓடாத நாட்களில் ஜன்னலோரம் உட்கார்ந்து இவற்றைப் பார்ப்பது என் வழக்கம். அப்படிப்பட்ட நாட்கள் எனக்கு அதிகம் என்பதால், மரங்களோடு நல்ல பழக்கம் உண்டு.

புங்கம் நிற்பது பக்கத்து வீட்டு வாசலில். அங்கே ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். ஒரு கார்த்திகையில் அவர் மனைவி காலமானார். வாசல் பெருக்குவது அந்த அம்மாளின் வேலை. அடுத்து வந்த மாசியில் தெருவெல்லாம் சருகு. துடைப்பம் அவர் கையில்.

"தம்பி, இந்த மரம் பட்டுப்போச்சு. ஆளை வரச் சொல்லியிருக்கேன். பட்டதை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்றார்.

அவர் மரத்தைப் பற்றி மட்டும் பேசியதாக எனக்குத் தோன்றவில்லை.

"பதினைந்து நாள் பொறுங்க ஐயா. அப்பவும் துளிர்க்கலேன்னா நானே வந்து கோடரி பிடிக்கிறேன்" என்றேன்.

மரம் இலையைச் சும்மா வீசி எறிந்துவிடுவதில்லை. உதிர்க்குமுன் அதிலுள்ள சத்தில் ஒரு பங்கைக் கிளைக்குத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. காம்பின் அடியில் தக்கை போன்ற ஓர் அடைப்பை இட்டுவிட்டுத்தான் விடை கொடுக்கிறது. வெயில் ஏறும் காலத்தில் பழைய இலைகள் வழியே நீர் வீணாகக் கூடாது என்ற சிக்கனம் அது. ஆனால், சென்னைக்குப் பெருமழை ஐப்பசியில்தான். புங்கம் அதுவரை காத்திருப்பதில்லை. ஆழத்தில் வேர் எட்டிப் பிடித்திருக்கும் ஈரத்தை நம்பி, கோடையின் வாசலிலேயே துளிர்த்துவிடுகிறது.

பன்னிரண்டாம் நாள் நுனிக் கிளைகளில் செம்பு நிறம் தெரிந்தது. பங்குனி நடுவில் மரம் முழுவதும் எண்ணெய் தடவியது போன்ற பச்சை. சித்திரையில் வேம்பு வருஷப் பிறப்புப் பச்சடிக்குப் பூக் கொடுத்தது. புங்கம் தன் பூவை வாசல் முழுவதும் உதிர்த்தது. புங்கம் பூவைப் பொரிக்கு ஒப்பிட்ட சங்கப் புலவர்கள் அதை மரத்தடியில் நின்று பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

தலைமையாசிரியர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. வெட்ட வந்த ஆளிடம், தலையில் இடிக்கும் ஒரு கிளையை மட்டும் கழிக்கச் சொல்லிக் கூலி கொடுத்தனுப்பினார். மறுநாள் காலையில் அந்தப் பூக்களைப் பெருக்காமல், அவற்றின் நடுவே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்.

மாசியில் உங்கள் தெருவிலும் ஒரு மரம் மொட்டையாக நிற்கலாம். அதற்குத் தீர்ப்புச் சொல்லுமுன், ஒரு பதினைந்து நாள் ஜன்னலைத் திறந்து வைத்திருங்கள்.