மூடப்படாத கணக்கு

"ஆக்குபேஷனல் தெரபி படிக்கிறேன்" என்று சொன்னால் ஆரணியில் வருகிற முதல் கேள்வி, "அது என்னா படிப்பும்மா? முடிச்சா வேலை வாங்கித் தருவாங்களா?"

பிசியோதெரபி என்றால் ஊருக்குத் தெரியும். கையைக் காலை நீட்டி மடக்கச் சொல்வார்கள். இது அதற்கு அக்காவா, தங்கச்சியா? பி.காம். படித்த எனக்கு விளக்கியது, ஆரணியில் பழக்கமான ஒரு நெசவாளரின் மகள். வேலூர்ப் பக்கம் இந்தப் படிப்பில் கடைசி வருடத்தில் இருந்தாள்.

"கை எவ்ளோ தூரம் தூக்குதுன்னு பாக்கறதோட முடியாது சார். அந்தக் கையால சட்டை பட்டன் போட முடியுதா, சோறு பிசைய முடியுதா, செஞ்ச தொழிலைத் திரும்பச் செய்ய முடியுதா... அதான் எங்க கணக்கு."

1917-ல் அமெரிக்காவில் இந்தத் துறைக்கு ஒரு சங்கம் தொடங்கினார்கள். முதல் உலகப் போர் சமயம். காயம்பட்ட சிப்பாய்களுக்கு அங்கே ராணுவ ஆஸ்பத்திரிகளில் என்ன கொடுத்தார்கள் தெரியுமா? கூடை முடைய நார், நெசவு செய்யத் தறி! ஆரணியில் வயிற்றுப்பாடாக இருக்கிற தறி, அங்கே மருந்து.

வேலூருக்கும் இதில் ஒரு பெரிய பங்கு உண்டு. டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் ஒரு விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அப்புறமும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி, தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். 1966-ல் அவர் முயற்சியில் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையம் பாகாயத்தில் வந்தது.

முதல் வருடங்களில் நம் மாணவிக்கு மூளைதான் பாடம். கனடாவில் பென்ஃபீல்டு என்ற அறுவை மருத்துவர், விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையை மின்சாரத்தால் மெல்லத் தொட்டுப் பார்த்து, எந்த இடம் எந்த உறுப்பை ஆள்கிறது என்று 1937-ல் ஒரு கணக்கு வெளியிட்டார். முதுகு முழுவதற்கும் சின்ன இடம். கைக்கோ பெரிய பட்டா!

எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க விஞ்ஞானி குரங்குகளிடம் இன்னொன்றைக் கவனித்தார். ஒரு கையின் உணர்வு நரம்பைத் துண்டித்தால், குரங்கு அந்தக் கையை ஒதுக்கிவிடுகிறது. நல்ல கையைக் கட்டிப்போட்டால், ஒதுக்கிய கையையே நீட்டி உணவை எடுக்கிறது. கை போய்விடவில்லை. தோற்றுத் தோற்று, 'இது உதவாது' என்று மூளை பழகிவிட்டது.

ரொம்ப நாள் வரவு செலவு இல்லாத கணக்கை பேங்க் முடக்கி வைக்குமே, அந்த மாதிரி. உள்ளே கொஞ்சம் பணம் இருக்கிறது. ஆனால் யாராவது பத்து ரூபாயாவது போட்டு எடுக்க வேண்டும்.

சரி, புத்தகம் முடிந்தது. படிப்பு முடிவதற்குள் குறைந்தது 1,000 மணி நேரம் நோயாளிகளோடு இருந்தாக வேண்டும் என்பது இந்தத் துறையின் உலகக் கூட்டமைப்பு வைத்திருக்கிற விதி. அந்த நேரத்தில்தான் அவளுக்கு அவர் வந்து சேர்ந்தார். ஆரணிப் பக்கத்து நெசவாளர், ஐம்பதைத் தாண்டியவர். பக்கவாதம். வலது கையில் கொஞ்சம்தான் அசைவு. மரக்கட்டையை எடுத்து மாற்றி வைக்கச் சொன்னால், "நான் என்னா குழந்தையா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த நாள் இவள் வீட்டிலிருந்து நூலும் தார்க்குச்சியும் கொண்டு போனாள். ஒன்றும் சொல்லாமல் முன்னால் வைத்தாள். மனுஷன் ரொம்ப நேரம் பார்த்தாராம். பிறகு இடது கை நீண்டது. கூடவே, நடுங்கிக்கொண்டு வலது கை.

இத்தோடு முடிந்திருந்தால் சினிமா. வீட்டில்தான் வில்லங்கம். மூன்று வேளையும் அவர் மனைவி ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தார். பட்டன், சீப்பு, செருப்பு எல்லாமே அந்த அம்மாதான். "இனிமே ஊட்டாதீங்க பெரியம்மா" என்று இவள் சொன்னதும் வந்ததே கோபம்!

"கட்டுன புருஷனுக்கு நான் செய்யாம யார் செய்வா? படிச்ச திமிரா ஒனக்கு?"

இந்த இடத்துக்குப் பாடப் புத்தகத்தில் பதில் இல்லை. இவள் சண்டை போடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் நாள் பாதி இட்லி தரையில். அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பொறுமைதான் மருந்து என்கிறாள் மாணவி.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பட்டுத் தறியில் அவர் மறுபடி உட்காரவில்லை. குழித் தறியில் இறங்கி மிதிக்க அந்தக் கால் இடம் கொடுக்காது. தறியை மகன் ஓட்டுகிறான். அவர் தார் சுற்றிக் கொடுக்கிறார். தன் தட்டில் தானே சாப்பிடுகிறார், கொஞ்சம் சிந்தி. "கூலி கம்மிதான் சார். ஆனா கணக்குல என் பேரும் இருக்குது" என்றார்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் படுத்திருக்கலாம். எதைச் செய்யவிடலாம், எதில் விழுந்துவிடுவார் என்பதைத் தெரபிஸ்ட்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், தண்ணீர் டம்ளரை வாயில் வைக்காமல் அந்தக் கைக்கு எட்டுகிற மாதிரி வையுங்கள். தண்ணீர் சிந்தினால் துடைத்துக்கொள்ளலாம்.