கல்லறுக்கும் நீர்

நொய்யலாற்றங்கரையில் உள்ள கொடுமணல், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்மணிகளுக்குப் பெயர்பெற்ற ஊர். பதிற்றுப்பத்து அதனைக் கொடுமணம் எனக் குறிக்கிறது. அங்கு நிகழ்ந்த அகழாய்வுகளில் முழுமைபெற்ற மணிகளோடு, அரைகுறையாக மெருகிடப்பட்டவையும் பணி முடியாமலே கைவிடப்பட்டவையும் கிடைத்தன. முடியாமற்போன அம்மணிகளே அவ்விடத்தில் தொழிற்கூடம் இருந்ததற்குச் சான்றாயின. கல்லைத் தேடும் பழக்கம் அந்நிலப்பகுதியை விட்டு இன்னும் அகலவில்லை. காங்கேயத்தைச் சுற்றியுள்ள செம்மண் காடுகளில், மழை ஓய்ந்த மறுநாள் காலையில் குனிந்த தலையோடு நடப்போரை இன்றும் காணலாம். உழவுசாலில் மழை கழுவிவிட்ட படிகமோ சந்திரகாந்தக்கல்லோ வெயில் பட்டு மின்னும்.

அவ்வாறு நடந்து பழகிய ஒருவர், அஞ்சல் அலுவலகப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற மறுமாதம், கல்லறுக்கும் எந்திரம் ஒன்று வாங்கப்போவதாக வீட்டில் சொன்னார். எண்பது வயதைக் கடந்த அவருடைய தாயார், உண்டுகொண்டிருந்த தட்டை நகர்த்திவைத்துவிட்டு எழுந்துகொண்டார்.

காரணம் இருந்தது. அவருடைய தந்தை கல்லுக்கு மெருகேற்றும் பட்டறையில் சாணை பிடித்தவர். நாள் முழுதும் உலர்சாணை. மாலையில் வீடு திரும்பும்போது புருவம்கூட வெளுத்திருக்கும். நாற்பத்து நான்காம் வயதில் இருமி இருமி இறந்தார். காசநோய் என்றது ஊர். பல ஆண்டுகள் கழித்தே மகனுக்கு வேறு ஐயம் தோன்றியது. படிகம், கருங்கல் போன்றவற்றை உலர்நிலையில் தேய்க்கும்போது எழும் சிலிக்கா நுண்துகள் மிகச் சிறியது, கண்ணுக்குப் புலப்படாதது. மூச்சோடு சென்று நுரையீரலின் ஆழத்தில் தங்கித் தழும்பாகிவிடும். அத்தழும்பை மாற்றும் மருந்து இல்லை. சிலிகோசிஸ் என்னும் இந்நோய் காசநோயாகத் தவறாகக் கருதப்படுவதும் உண்டு.

"தண்ணி ஊத்தித்தான் அறுப்பேன், பொடியே பறக்காதுங்கம்மா" என்று அவர் பலமுறை சொன்னபிறகு, "சொன்னபடி இரு சாமி" என்று மட்டும் தாயார் விடையிறுத்தார்.

திருச்சிராப்பள்ளி, செயற்கைக் கற்களைப் பட்டை தீட்டும் குடிசைத்தொழிலுக்குப் பேர்போன நகரம். அத்தொழில் சுருங்கியபின் மூடப்பட்ட பட்டறை ஒன்றிலிருந்து, ஆறு அங்குல அரம்பம் பொருத்திய பழைய எந்திரத்தை அவர் வாங்கினார். பச்சை வண்ணம் புத்தம்புதிதாக மினுங்கியது, அதில்தான் ஏமாந்தார். பழைய எந்திரத்தை வாங்குவோர் வண்ணத்தை நம்பலாகாது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு அச்சைக் கையால் சுழற்றிக் காதைக் கொடுக்கவேண்டும். மணலை மெல்லுவதுபோன்ற ஒலி எழுந்தால் பேரிங்குக்குள் கல்சேறு புகுந்துவிட்டது என்று பொருள். அச்சை மேலும் கீழும் அசைத்துப் பார்க்கவேண்டும். மயிரிழை ஆடினாலும் அரம்பம் நேராக ஓடாது. இவற்றுள் ஒன்றையும் அவர் செய்யவில்லை.

முதற்கல் சாய்வாக அறுபட்டது. இரண்டாம் கல்லும் அவ்வாறே. கையின் குறை என எண்ணி ஒரு வாரம் பழகியும் மாற்றமில்லை. பிறகே அரம்பத்தைக் கழற்றினார். அதனை இருபுறமும் அணைத்துப் பிடிக்கும் இரும்புத் தட்டில், முன்பிருந்தவர் காலத்துக் கல்சேறு நகத்தின் கனத்திற்கு உறைந்திருந்தது. அரம்பம் அதன்மேல் கோணலாக அமர்ந்திருந்தது. சுரண்டி எடுத்தபின் சாய்வு பாதியளவு குறைந்தது. மீதிப் பாதி பேரிங்குகளின் தேய்மானம். கோயம்புத்தூர்க் கடையொன்றில் புதியன வாங்கி மாற்றியபின், சுவரில் பிடித்த சுண்ணக்கட்டிக்கும் அரம்ப விளிம்புக்கும் இடையிலான இடைவெளி, ஒரு முழுச்சுற்றிலும் மாறாமல் நின்றது.

அரம்பம் என்னும் சொல் இங்குச் சற்றே ஏமாற்றும். மரமறுக்கும் வாளுக்கு உள்ள பற்கள் இதற்கு இல்லை. எஃகுத் தகட்டின் விளிம்பில், மெல்லிய உலோகப் பூச்சுக்குள் வைரப்பொடி பதிந்திருக்கிறது. அது கல்லை வெட்டுவதில்லை. மிகக் குறுகிய பள்ளமாகத் தேய்த்துக்கொண்டே இறங்குகிறது. 1812இல் ஃபிரீட்ரிக் மோஸ் வகுத்த கடினத்தன்மை வரிசையில் வைரத்திற்குப் பத்து, படிகத்திற்கு ஏழு. இரண்டிற்கும் நடுவே ஒன்பதில் நிற்பது குருந்தம். உலகமொழிகள் பலவற்றில் அக்கனிமத்திற்கு வழங்கும் பெயர் தமிழின் குருந்தம் என்னும் சொல்லோடு தொடர்புடையது. காங்கேயத்தை அடுத்த சிவன்மலைப் பகுதியிலேயே அது கிடைக்கிறது.

ஒரு மாதம் படிகமாகவே அறுத்தபின், அரம்பம் திடீரென முரண்டு பிடித்தது. ஓடுகிறது, இறங்கவில்லை. அவர் கல்லை அழுத்தினார். மோட்டார் சூடேறிற்று, பெல்ட்டில் தீய்ந்த நாற்றம் எழுந்தது. அழுத்துவதே இக்கலையில் பெருந்தவறு. பக்கவாட்டில் சிறிதளவு விசை பட்டாலும் தகடு வளைந்துவிடும். வளைந்த தகட்டை நிமிர்த்துவது அரிது. நல்லவேளையாக நிறுத்திவிட்டு, எந்திரத்தை விற்ற பட்டறையில் முன்பு பணியாற்றிய முதியவருக்குத் தொலைபேசியில் பேசினார்.

"வைரம் மூடிக்கிச்சுங்க ஐயா. பிளேடை மாத்தாதீங்க. சாணைக்கல் துண்டு ஒண்ணை நாலு தடவை அறுத்துப் பாருங்க" என்றார் அவர்.

விளக்கம் எளியது. மேலே துருத்தி நின்ற வைரத்துகள்கள் தேய்ந்து மழுங்கிவிட்டன. அவற்றைச் சூழ்ந்த உலோகம் தேய்ந்தால்தான் கீழே உள்ள புதிய துகள்கள் வெளிப்படும். படிகம் வைரத்தை மழுக்கியதே தவிர உலோகத்தைத் தேவையான அளவு அரிக்கவில்லை. சொரசொரப்பான சாணைக்கல் அவ்வேலையைச் செய்தது. நான்கு முறை அறுத்தபின் படிகம் மீண்டும் இணங்கியது. பெருந்தொகை கொடுத்துப் புதிய அரம்பம் வாங்கியிருந்தால், அடுத்த மாதம் அதுவும் இவ்வாறே மூடிக்கொண்டிருக்கும்.

நீரைப் பற்றி அவர் எவரிடமும் கேட்கவில்லை. தமக்குத் தெரியும் என்றே எண்ணினார். அரம்ப விளிம்பு தொட்டிநீரில் கால் அங்குலம் மூழ்கவேண்டும். கூடினால் முகத்தில் தெறிக்கும், குறைந்தால் கல்லின் விளிம்பில் வெண்பொடி தோன்றும், அப்போதே நிறுத்திவிடவேண்டும். வேலை முடிந்ததும் தொட்டியை வடித்துவிட்டு, எந்திரத்தை ஒரு நிமிடம் வெறுமனே ஓட்டி அரம்பத்திலுள்ள ஈரத்தை உதறவேண்டும். இன்றேல் துரு ஏறும். நீரும் மின்சாரமும் ஓரிடத்தில் புழங்குவதால் நிலத்தொடர்புக் கம்பியும், கசிவு நேர்ந்தால் உடனே மின்னிணைப்பைத் துண்டிக்கும் கருவியும் கட்டாயம். கல்சேற்றைச் சாக்கடையில் கொட்டினால் படிந்து இறுகி அடைத்துக்கொள்ளும். ஆகவே, வாளியில் ஓரிரவு தெளியவிட்டு மேல்நீரைத் தென்னைக்கு ஊற்றினார். இவ்வளவும் ஒழுங்காகவே நடந்தது.

ஒருநாள் காலை, முந்தைய நாள் தரையில் தெறித்த சேறு காய்ந்து சாம்பல்நிறப் பொருக்காகக் கிடந்தது. விளக்குமாற்றை எடுத்துப் பெருக்கினார். ஓட்டின் இடுக்கு வழியே இறங்கிய வெயிற்கீற்று, திடீரெனப் பால்போல வெளுத்தது. திரும்பிப் பார்த்தார். வாயிற்படியில் தாயார், முந்தானையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு நின்றிருந்தார்.

"தண்ணி ஊத்தித்தானே அறுக்கறேன்னே. அப்ப இது என்ன சாமி?"

விளக்குமாறு கையிலேயே இருந்தது. அவர் விடை சொல்லவில்லை, சொல்வதற்கும் இல்லை. அறுக்கும்போது நீர் பிடித்து வைத்திருந்த பொடியை, உலரவிட்டு அவரே எழுப்பிவிட்டிருந்தார்.

அன்றோடு விளக்குமாறு அவ்வறையை விட்டு வெளியேறியது. வேலை முடிந்த கையோடு, சேறு காயுமுன் ஈரத்துணியால் தரை, எந்திரம், சுவர், சன்னல் அனைத்தையும் துடைத்தார். வேலைச்சட்டையைக் கூடத்திற்குக் கொண்டுவராமல் அங்கேயே வாளிநீரில் நனைத்தார். நுண்துகளைத் தடுக்கும் முகக்கவசமும் வாங்கினார். ஆறு வாரங்கள் தாயார் அப்பக்கம் வரவில்லை. பின் ஒருநாள், தம் பெட்டியின் அடியிலிருந்து சுருக்குப்பை ஒன்றை எடுத்துவந்து மகனிடம் கொடுத்தார். உள்ளே பாக்களவு சந்திரகாந்தக்கல். தந்தை காட்டிலிருந்து பொறுக்கிவந்து, அறுக்க நாள் வாய்க்காமலே போனது.

சந்திரகாந்தக்கல் எளிதில் பிளவுபடும். இருவகைக் கனிமங்கள் மெல்லிய அடுக்குகளாக மாறிமாறி அமைந்திருப்பதால் ஒளி சிதறி, அதனுள் நிலவு மிதப்பதுபோல் தோன்றுகிறது. அவ்வடுக்குகளுக்கு இணையாக அடித்தளம் அமையாவிட்டால் நிலவு ஓரத்தில் ஒதுங்கிவிடும், அல்லது மறைந்தேவிடும். இரண்டாம் வாய்ப்பு இல்லை. மூன்று நாள்கள் அவர் கல்லை நீர்க்கிண்ணத்தில் இட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான்காம் நாள் கோடு கிழித்தார். சாணைக்கல் துண்டை ஒருமுறை அறுத்து அரம்பத்தைக் கூராக்கிக்கொண்டு, தொட்டிநீரை அளந்துவிட்டு, கல்லை அழுத்தாமல் அரம்பத்தின் போக்கில் விட்டார். பிறகு மரக்குச்சியின் நுனியில் அரக்கால் ஒட்டி, மேற்புறம் குவியுமாறு ஈரச்சாணையில் தேய்த்து, படிப்படியாக நுண்மையான பொடிகளுக்கு மாறி, கடைசியில் கம்பளித் தட்டில் சீரியம் ஆக்சைடு தடவி மெருகேற்றினார்.

மாலையில் தாயார் அறைக்குள் வந்தார். கல்லை அவர் உடனே பார்க்கவில்லை. சன்னலருகே சென்று அதன் விளிம்பில் ஒரு விரலை இழுத்தார். விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. அதன்பிறகே மகன்பக்கம் திரும்பி, உள்ளங்கையை நீட்டினார்.