மினூவின் கழுத்துப்பட்டை

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். சின்ன வகுப்பிலேயே லா ஃபோந்தேனின் கதைப்பாட்டுகளை மனப்பாடம் செய்துவிட வேண்டும். 1668-ல் வெளிவந்த அவருடைய முதல் தொகுப்பில், எலிகள் கூட்டம் போட்டுப் பூனைக்கு மணி கட்டத் தீர்மானிக்கும் கதையும் உண்டு. பூனையின் பெயர் ரோதிலார்துஸ். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறும்; கட்டப் போவதற்குத்தான் ஆள் இராது. அரசு அலுவலகத்தில் எழுத்தராகக் காலம் தள்ளிய எனக்கு அந்த மாதிரிக் கூட்டங்கள் புதிதல்ல. ஆனால் கட்டிவிட்டால் பூனையின் பாடு என்ன என்று அந்தக் கதையில் யாரும் கேட்கவில்லை. எலிகள் ஏன் கேட்கப் போகின்றன? வளர்க்கிற நாம் கேட்டாக வேண்டும்.

ஓய்வுக்குப் பிறகு மனைவியின் ஊரான நார்த்தாமலைக்கே வந்துவிட்டோம். வீட்டுக்குப் பின்னால் கருவேலம் புதர்கள், அப்பால் பாறை. சில வருடங்களுக்கு முன் சாம்பல் நிறப் பெண்குட்டி ஒன்று தானாக வந்து தங்கிக்கொண்டது. பிரெஞ்சில் செல்லமாகப் பூனையை 'மினூ' என்பார்கள். அதையே பெயராக வைத்தேன். மனைவிக்கு அவள் 'மீனு'. இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பாள்.

பூனைக்குக் கழுத்துப்பட்டை எதற்கு என்று கேட்பீர்கள். வழிதவறிப் போனால் வீட்டுப் பூனை என்று தெரியட்டும், யாராவது போன் செய்யட்டும் என்பதற்குத்தான். ஆனால் கண்டதைக் கட்டக்கூடாது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் குட்டிப் பூனைக்கு நைலான் கயிற்றில் மணி கோத்துக் கட்டினார்கள். குட்டி வளர்ந்தது, கயிறு வளரவில்லை. ரோமத்துக்குள் மறைந்துவிட்டதால் யாரும் கவனிக்கவில்லை. நாற்றம் வந்த பிறகு பார்த்தால் கயிறு சதைக்குள் இறங்கியிருந்தது. கால்நடை மருத்துவர் வெட்டி எடுத்தார். குட்டி பிழைத்ததே பெரிது.

அதைப் பார்த்த பிறகுதான் நானே செய்வது என்று உட்கார்ந்தேன். கைகொடுத்தது, ஆயுள் முழுக்க நான் ஃபைல் கட்டிய அதே பருத்தி நாடா. மிருதுவானது, வியர்வையை உறிஞ்சும், துவைக்கலாம். அதை இரண்டாக மடித்து ஓரம் தைத்தால் போதும்.

அளவுக்கு ஒரு நூலைக் கழுத்தில் சுற்றிப் பார்த்தேன். 22 சென்டிமீட்டர் வந்தது. பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல் படுக்கையாக நுழைய வேண்டும். அதைவிட இறுகினால் மூச்சுக்கு ஆபத்து. ரொம்பத் தளர்ந்தாலும் ஆபத்துதான். உடம்பை நக்கும்போது கீழ்த்தாடை மாட்டும், முன்னங்கால் உள்ளே நுழைந்துவிடும். எலாஸ்டிக் வைத்தால் நல்லதுதானே என்று தோன்றும். அது இழுபடுவதால் கால் சுலபமாக உள்ளே போய்விடும். பிறகு அக்குளில் அறுத்துக்கொண்டே இருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் இணைப்பு. பக்கிளும் வேண்டாம், முடிச்சும் வேண்டாம். இரு முனையிலும் ஒரு சிறு துண்டு வெல்க்ரோ தைத்தேன். சொரசொரப்பான பக்கம் ரோமத்தைத் தொடாமல் வெளியே பார்க்க வேண்டும். பிறகு சோதனை. பட்டையை வளையமாக ஒட்டி ஆணியில் மாட்டி, அதில் ஒன்றரைக் கிலோ அரிசிப் பையைத் தொங்கவிடுவேன். பிரிந்து விழ வேண்டும். விழாவிட்டால் வெல்க்ரோவைக் கத்தரியால் இன்னும் குறைப்பேன். மினூவின் எடை மூன்றரைக் கிலோ. அவள் கிளையில் மாட்டித் தொங்க நேர்ந்தால் பட்டைதான் விட்டுக்கொடுக்க வேண்டும்.

தகட்டு வில்லை எதுவும் தொங்கவிடவில்லை. நாடாவின் மேலேயே அழியாத மையால் போன் நம்பர் எழுதினேன்.

பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழா. பால்குடமும் காவடியுமாக ஊரே நிறைந்திருந்தது. வெடிச் சத்தத்தில் மினூ மிரண்டு ஓடிவிட்டாள். இரண்டு இரவு வரவில்லை. மனைவி பால் கிண்ணத்தை வாசலில் வைத்துவிட்டுத் தூங்காமல் கிடந்தாள். மூன்றாம் நாள் விடிகாலையில் வந்து சேர்ந்தாள், வெறுங்கழுத்தோடு. ஆடு மேய்க்கும் பையன் ஒருவன் அன்று மாலை பட்டையைக் கொண்டுவந்து கொடுத்தான். கருவேல முள்ளில் மாட்டிக் கிடந்ததாம். இரண்டு மூன்று ரோமமும் அதில் ஒட்டியிருந்தது.

"என்னங்க, நீங்க கட்டினது நிக்கலையே" என்றாள் மனைவி.

"அது நிக்காததாலதான் இவ நிக்கிறா" என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. பட்டையை வாங்கிப் போய்ச் சோப்புப் போட்டுக் கொடியில் காயப்போட்டாள்.

பறவைகளைப் பிடிக்காமலிருக்க மணி கட்டலாமா என்றும் கேட்டாள். பிரிட்டனில் 2005-ல் வந்த ஆய்வில், மணி கட்டிய பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த பறவைகள் 41 சதவீதம் குறைந்தன. 2021-ல் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்விலோ மணியால் குறிப்பிடும்படி பலன் தெரியவில்லை; தினமும் ஐந்து பத்து நிமிடம் பூனையோடு விளையாடியதில் வேட்டை 25 சதவீதம் குறைந்தது. ஆகவே மணி கட்டவில்லை. கயிற்றில் துணிப்பந்து கட்டி நான் இழுக்கிறேன், அவள் பாய்கிறாள். எனக்கும் அது உடற்பயிற்சி.

பிரான்சில் 2012 முதல் வீட்டுப் பூனைகளுக்கு மைக்ரோசிப்போ பச்சை குத்துவதோ கட்டாயம். பட்டையை மட்டும் சட்டப்படி அடையாளமாக ஏற்பதில்லை. நமக்கு இப்போதைக்கு நாடாதான்.

ஒன்றிரண்டு சொல்லி முடிக்கிறேன். வாரம் ஒருமுறை பட்டையைக் கழற்றித் துவையுங்கள். கழுத்தில் புண், உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். குட்டியானால் நாலு நாளுக்கு ஒருமுறை இரண்டு விரல் நுழைகிறதா என்று பாருங்கள். உண்ணிக்கென்று நாய்க்கு விற்கும் பட்டையையோ மருந்தையோ பூனைக்குப் போடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். செலவு என்று பார்த்தால் நாடாவும் வெல்க்ரோவும் மிகச் சொற்பம். ஒரே நேரத்தில் நாலைந்து செய்து வைத்துக்கொள்ளுங்கள். தொலையத்தான் செய்யும்; பூனை திரும்பி வந்தால் சரி.